புல்லை எடுத்த வருடம்

அப்பாவின் புல்தரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காட்டுச் செடிகளை நடுவது என்று முடிவு செய்தவள் நான்தான். புல் வெட்டக் கூடாது என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். புல்லையே எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும், "டாக்டர் சொல்லித்தானே செஞ்சே, விடு" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கியில், ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு தாமானில் எங்கள் வீடு; தாமான் என்றால் வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. வரிசையில் கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் முப்பதடி அகலத்துக்கு நிலம் சேர்ந்து கிடைத்தது. அம்மா இருந்தவரை அது காய்கறித் தோட்டம். வெண்டை, கத்தரி, மிளகாய், வேலியோரம் ஒரு முருங்கை. அம்மா இறந்த அடுத்த வருடம் வெள்ளம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்று வடிந்தபோது பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. எங்கும் சாம்பல் நிறச் சேறு. முருங்கை வேரோடு சாய்ந்து வேலியின் மேல் கிடந்தது. அப்பா இரண்டு மாதம் அந்தச் சேற்றை மண்வெட்டியால் வாரிக் கொட்டினார். பிறகு தரையைச் சமன் செய்து புல் பதித்தார். இங்கே எல்லாரும் கவ் கிராஸ் என்று சொல்லும் அகல இலைப் புல். லாரியில் சதுரம் சதுரமாக வந்து இறங்கியதை ஆள் வைக்காமல், தானே குனிந்து ஒவ்வொன்றாகப் பதித்தார். ஏன் மறுபடி காய்கறி போடவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான முகத்தோடு அவர் அப்போது இல்லை.

அப்பா பஸ் டிரைவர். கோத்தா திங்கிக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓய்வு பெறும் வரை ஓட்டியவர். புல் வெட்டுவதும் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும். நான்கு சக்கரம் வைத்த பெட்ரோல் மிஷினை நேர்கோட்டில் வேலி வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். அங்கே நின்று, தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம்தான் திருப்புவார். வெட்டி முடித்தால் தரையில் இளம்பச்சையும் கரும்பச்சையுமாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் கோணாமல் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

நான் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஜொகூர் பாருவில் பதினோராவது மாடியில் வீடு. விடிவதற்கு முன்னால் எல்லைப் பாலத்தைக் கடந்து, இருட்டிய பிறகு திரும்புகிற பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போவேன், ஞாயிறு மதியம் சமைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்புவேன்.

நான் போய்ச் சேரும் நேரத்துக்கு அப்பா புல் வெட்டி முடித்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர், மாமா என்பது போல மலாயில் பாக்சிக் என்று நான் கூப்பிடுகிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் காப்பியோடு நிற்பார். பாக்சிக் அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்தில் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை போட்டுப் பிழைத்து, வயதானபின் டவுனில் வீடு வாங்கி வந்த மலாய்க்காரர். அப்பாவைவிட நாலைந்து வயது இளையவர், அப்பாவை மலாயில் அண்ணன் என்று பொருள்படும் அபாங் என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் இடுப்பு உயர வேலியின் இரண்டு பக்கமும் நின்று மலாயில் என்னென்னவோ பேசிக்கொண்டிருப்பார்கள். மழை, மீன் விலை, யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆபரேஷன். அப்பாவின் கால்சட்டையில் முழங்கால் வரைக்கும் புல் ஒட்டியிருக்கும். வாரம் முழுவதும் அவர் வேறு யாரிடமும் அவ்வளவு பேசியிருப்பார் என்று தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் போவதற்குள் பாக்சிக்கிடமிருந்து போன் வந்தது. அப்பா புல்தரையில் விழுந்துவிட்டார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்த சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்ததால் எட்டிப் பார்த்தாராம். வேலியைத் தாண்டி வந்து மிஷினை நிறுத்தி, அப்பாவின் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்திருந்தார். நான் போனபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டாமல் விட்ட பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். அந்த வயதுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று யோசித்து, மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார்கள். வெயிலில் நிற்கக் கூடாது, பாரம் தள்ளக் கூடாது, மூச்சு வாங்குகிற வேலை எதுவும் கூடாது.

"புல்லு வெட்டலாமா?" என்று அப்பா டாக்டரிடம் கேட்டார்.

"கண்டிப்பா கூடாது அங்கிள்."

அப்பா தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது புல்தரையில் புதிதாகக் கோடுகள் விழுந்திருந்தன.

நான் ஆள் ஏற்பாடு செய்தேன். தோளில் மாட்டுகிற மிஷினோடு ஒருவர் மாதம் இரண்டு முறை வருவதாகப் பேச்சு. இரண்டாவது முறை வந்தவரை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "கோணல்மாணலா வெட்டுறான்மா. மண்ணெல்லாம் தெரியுது. மொட்டையடிச்ச தலை மாதிரி இருக்கு" என்றார். நான் கத்தினேன். அவர் எப்போதுமே பதில் பேசாமல்தான் தன் இஷ்டப்படி செய்வார்.

அந்த மாதங்களில் வேலையில் போன் அதிரும்போதெல்லாம் முதலில் நம்பரைத்தான் பார்ப்பேன். கோத்தா திங்கி நம்பர் என்றால் கையுறையைக் கழற்றுவதற்குள் அவர் செத்துப்போய்விட்டதாகவே நினைத்துக்கொள்வேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பாதி, எனக்காகச் செய்தேன். அந்தப் பயம் என்னை விட்டுத் தொலைந்தால் போதும் என்று இருந்தது.

குலாய் பக்கம் போகிற சாலையில் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. அதை நடத்துகிறவள் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. புல்தரையை எடுத்துவிட்டு, இந்த மண்ணிலேயே தானாக வளருகிற செடிகளை வைத்துத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறாள் என்று வேலையிடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் சுற்றிக்கொண்டு போய் அவளைப் பார்த்தேன்.

"வெட்ட வேணாம், மருந்தடிக்க வேணாம் அக்கா. மொதல் ஒரு வருஷம் கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் களை. அவ்வளவுதான். அப்புறம் அதுவே பார்த்துக்கும்" என்றாள். செண்டுடோக்கைக் காட்டினாள். ஊதாப் பூ பூத்து, தின்றால் நாக்கைக் கறுப்பாக்கும் பழம் காய்க்கிற செடி. சிம்போவைக் காட்டினாள். விசிறி மாதிரி இலையும் மஞ்சள் பூவுமாக ஓடைப் பக்கம் நிற்பது. தரையை மூடுவதற்கு காடோக், வெற்றிலை மாதிரியே இருக்கும். நிழலில் பெரணி. எல்லாமே நான் சின்ன வயதிலிருந்து சாலையோரத்தில் பார்த்தவை. பார்த்தும் பேர் தெரியாதவை.

அவள் ஒரு தாளில் வீட்டின் படம் போட்டுக்கொண்டே கேட்டாள். "வீட்டுல தோட்ட வேலையில ஆசை இருக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா அக்கா? இருந்தா ஒரு ஓரத்துல கொஞ்சம் புல்லு விட்டுடுவேன். சின்னதா, பாய் அளவுக்கு. சில பேருக்கு அது வேணும்."

"இல்ல," என்றேன். "யாரும் இல்ல."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு முழு இடத்தையும் பென்சிலால் நிரப்பினாள்.

அப்பாவிடம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சொன்னேன். மாத்திரையை மாற்றிப் பார்ப்பதற்காக நான்கு நாள் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பக்கத்து நெலத்துல புல்லை எடுத்துட்டுச் செடி வைக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பூவெல்லாம் பூக்கும். குருவி வரும்."

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "எல்லாத்தையுமா?"

"ஆமாம்பா."

கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "உன் இஷ்டம்மா" என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அவர் திரும்புவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று நான்தான் அந்தப் பெண்ணை அவசரப்படுத்தினேன். நான்கு ஆட்கள் வந்தார்கள். புல்லைத் தோண்டிக்கூட எடுக்கவில்லை. குட்டையாக வெட்டிவிட்டு, அதன் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, தண்ணீர் ஊற்றி நனைத்து, அதற்கு மேல் செம்பனை ஆலையிலிருந்து வருகிற, எண்ணெய் பிழிந்த சக்கைக் குலைகளைப் பரப்பினார்கள். வெளிச்சம் இல்லாமல் புல் கீழேயே செத்து மக்கிவிடும் என்றார்கள். அட்டையில் ஓட்டை போட்டு அங்கங்கே நாற்றை வைத்தார்கள். சக்கை புளித்த எண்ணெய் நாற்றம் அடித்தது. ஈ மொய்த்தது. பாக்சிக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அபாங்குக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். அவர் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாகவே பார்த்தார். பழுப்பு நிறச் சக்கையும், நடுவில் ஒரு சாண் உயரத்தில் வாடி நின்ற நாற்றுகளும்.

"இது ரோட்டோரத்துல மொளைக்கிற செடிதானே?" என்றார்.

"ஆமாம்பா. அதனாலதான் ஒண்ணும் பார்க்க வேண்டியதில்ல."

"பாம்பு வரும்."

"வராதுப்பா."

இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் சில மாதங்கள் அவர் முயற்சி செய்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். சின்ன வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஒவ்வொரு நாற்றுக்கும் ஊற்றினார். களை பிடுங்கினார். மூன்றாம் மாதம் அந்தப் பெண் பார்வையிட வந்தபோது நானும் இருந்தேன். வேலியோரம் ஒரு வரிசை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது.

"இங்க பெரணி வச்சிருந்தோமே?"

அப்பா அவசரமாக முன்னால் வந்தார். "அங்க காட்டுப்பில்லு மாதிரி சுருண்டு சுருண்டு மொளைச்சிருந்துச்சு. நான்தான் சுத்தம் பண்ணினேன்."

"அங்கிள், அதுதான் பெரணி. நாங்க நட்டது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். "பரவாயில்ல, வேற வச்சிடலாம். இனிமே நீங்க செரமப்படாதீங்க. மாசம் ஒரு தடவை நானே ஆள் அனுப்புறேன்."

அவள் போன பிறகு அப்பா கைகளைக் குழாயடியில் நெடுநேரம் கழுவினார். "எனக்கு எது செடி எது களைன்னே தெரியலம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை.

செடிகள் வளர்ந்தன. நான் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்தன. அந்த மழைக்காலம் முடிவதற்குள் காடோக் தரை முழுவதும் படர்ந்துவிட்டது. செண்டுடோக் வேலியோரம் தோள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. ஊதாப் பூக்கள், அதைச் சுற்றிச் சின்னக் குருவிகள். நான் போட்டோ எடுத்து வேலையிடத்தில் காட்டினேன். எல்லாரும் அழகு என்றார்கள். அழகுதான், அதில் பொய்யில்லை.

வேலி மறைந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா போர்ட்டிகோவில், புல் வெட்டப் போடும் பழைய கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடிகளுக்கு அந்தப் பக்கம் பாக்சிக் இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்த கையோடு இரண்டு வார்த்தை பேசுவதுதான் அவர்கள் பழக்கம். கதவைத் தட்டி ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய் உட்காருகிற பழக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா போட்டேன்."

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, மதிய உணவு நேரத்தில், பாக்சிக் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். தாமான்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதாம். தாமான் நடுவில் இருக்கிற விளையாட்டுத் திடலில் அப்பா வெயிலில் மிஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். பின்னால் நேர்நேராகக் கோடுகள். கீழே யாரோ நன்றி எழுதியிருந்தார்கள். கைகூப்புகிற படங்கள் பத்துப் பதினைந்து. திடலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு. அந்த மிஷினை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நான் பேசியதை எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

"உங்களுக்கு அறிவு இருக்காப்பா? நான் அங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வேலை செய்யறேன். இவ்ளோ செலவு பண்ணி, ஆள் வச்சு, எல்லாம் யாருக்கு? ஊர்க்காரன் கைதட்டணும்னு திடல்ல போய் வெட்டுறீங்களா?"

"புல்லு ஒசரமா இருந்துச்சும்மா. கவுன்சில்காரன் வரல. பிள்ளைங்க வெளையாடுற எடம்."

"நீங்க விழுந்தா யாரு தூக்குறது?"

"விழுந்தா விழறேன்."

"விழுந்து செத்தா நிம்மதின்னு நெனைக்கிறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பவர் போல நின்றார். நான் ஸ்டோரிலிருந்து மிஷினை இழுத்து வந்தேன். கைப்பிடியை மடக்கத் தெரியாமல் திணறினேன். அப்பா வந்து இரண்டு பக்கமும் இருந்த திருகைத் தளர்த்தி, மடக்கி, காரின் பின்னால் தூக்கி வைக்க ஒரு பக்கம் பிடித்தார். நான் அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவர் பிடித்ததால் பாரம் குறைந்தது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

டவுனுக்கு வெளியே இருக்கிற கோயிலில் கொடுத்துவிட்டு வந்தேன். கோயில் வளாகத்தில் புல் மண்டிக் கிடந்தது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்து சொன்னதும் அப்பா, "கோயிலுக்குத்தானே, நல்லது" என்றார். பிறகு, "ஆயில் மாத்தணும்னு சொன்னியா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் காலையில் எழுந்திருக்கிற நேரம் தள்ளிப் போனது. ஆறு மணிக்கு எழுகிறவர் எட்டு, அப்புறம் ஒன்பது. சனிக்கிழமை நான் போய்க் கதவைத் திறக்கும்போது பல நாள் படுக்கையில்தான் இருந்தார். ஐஸ் பெட்டியில் நான் வைத்த டப்பாக்களில் பாதி அப்படியே இருக்கும். பரிசோதனையில் இதயம் மோசமாகவில்லை என்றுதான் சொன்னார்கள். நல்லா ஓய்வு எடுக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். எடுக்கிறார் என்றேன். டாக்டருக்கு மகிழ்ச்சி.

கடைசியில் அவரை என்னோடு ஜொகூர் பாருவுக்கே கூட்டி வந்துவிட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ஒரு பை துணி, மாத்திரை டப்பா, அம்மாவின் படம். வீட்டைப் பூட்டும்போது பாக்சிக் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் மழை வருமா என்று பேசினார்கள்.

பதினோராவது மாடியில் அப்பாவுக்கு வேலை எதுவும் இல்லை. நான் இருட்டில் கிளம்பி இருட்டில் வருவேன். பகலில் வேலைக்கு ஓர் அம்மா வந்து சாப்பாடு சூடு செய்து கொடுத்துவிட்டுப் போவார். அப்பா பால்கனியில் உட்கார்ந்து கீழே நெடுஞ்சாலையில் போகும் பஸ்களைப் பார்ப்பார் என்று அந்த அம்மா சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, அத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா போனப்புறம் ஏன்பா திரும்பக் காய்கறி போடல? ஏன் புல்லு?"

உடனே சொன்னார், ரொம்ப நாளாகக் கையில் வைத்திருந்த பதில் மாதிரி.

"எனக்கு உங்கம்மா மாதிரி செடி வளர்க்க வராதும்மா. அவ இருக்கும்போதே நான் தண்ணி ஊத்தினா கத்தரி அழுகிப் போயிடும். கையை வைக்காதீங்கன்னு திட்டுவா. புல்லு அப்படி இல்ல. தப்பா வெட்டினாக்கூட அடுத்த வாரம் வளந்து நிக்கும். எவ்ளோ வெட்டினாலும் சாவாது." தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "அடுத்த வாரமும் வெட்டணும். அது ஒரு வேலை."

நான் அழுதேன். "மன்னிச்சிடுங்கப்பா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"ஐயோ, நீ எனக்காகத்தானே பண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டார்.

அடுத்த வாரமே ஒரு பாய் அளவுக்காவது புல் போட்டுக் கொடுத்து அவரை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப் போயிருக்கலாம். யோசித்தேன். நாற்றுப்பண்ணைப் பெண்ணுக்குப் போன் செய்யக்கூடச் செய்தேன். மழை முடியட்டும், மண் ஈரமாக இருக்கிறது என்றாள். சரி, மழை முடியட்டும் என்று நானும் விட்டேன். எங்கள் ஊரில் மழை எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாதா.

அப்பா டிசம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், பால்கனி நாற்காலியில் இறந்துபோனார். சூடு செய்த சாப்பாட்டோடு வந்த அந்த வேலைக்கார அம்மாதான் பார்த்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். போன் வந்தபோது கையுறையை மெதுவாகத்தான் கழற்றினேன். வந்தது என் வீட்டு நம்பர், கோத்தா திங்கி நம்பர் இல்லை.

உடலைக் கோத்தா திங்கிக்கே கொண்டுபோனோம். சாமியானா போட இடம் வேண்டும் என்று பக்க நிலத்துக்கு வந்தவர்கள், செடிகள் அடர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தெருவிலேயே போட்டார்கள். மழை பெய்தது. வந்தவர்கள் குடையோடு ஒருவரை ஒருவர் ஒட்டி நின்றார்கள். பாக்சிக் தன் வீட்டு போர்ட்டிகோவைத் திறந்துவிட்டு, நாற்காலிகளை எடுத்துப் போட்டு, முன்பின் தெரியாத என் உறவுக்காரர்களை உட்கார வைத்தார். யாரிடமும் அதிகம் பேசவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்து, "நான் சொல்லாம இருந்திருக்கணும். அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். நீங்கள் நல்லதற்குத்தானே அனுப்பினீர்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான், ஏறக்குறைய இதே ஆறுதலை இரண்டு மாதம் முன்னால் அப்பா எனக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதமே ஆறு ஏறியது. வெள்ளம் வடிந்த பிறகு நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் நனைந்த மெத்தைகள் கிடந்தன. புல் வைத்திருந்த வீடுகளில் சேறு மூடிப் புல் மஞ்சளாகிப் போயிருந்தது. எங்கள் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலைகளில் சேறு படிந்திருந்தது, அதையும் பின்னால் வந்த மழை கழுவிவிட்டது. எதிர் வீட்டுப் பெண் வந்து என்ன செடி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். நாற்றுப்பண்ணையின் நம்பரைக் கொடுத்தேன்.

பாக்சிக்கின் வீடு பூட்டியிருந்தது. வெள்ளத்துக்கு முன்பே மகன் வந்து பண்டார் தெங்காராவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம், இனி அங்கேதானாம். எதிர் வீட்டுப் பெண்தான் சொன்னாள்.

உள்ளே தரையைத் தேய்த்துக் கழுவினேன். அப்பாவின் அலமாரியில் கீழ்த்தட்டுத் துணிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன், காயவைத்தாலும் நாற்றம் போகாது. இரண்டாவது நாள் மதியத்துக்குள் வீட்டு வேலை முடிந்துவிட்டது. வெளியே போய் நின்றேன். குழாயைத் திறந்து தண்ணீர் விடலாமா என்று பார்த்தேன், மண் ஈரமாக இருந்தது. களை இருந்தால் பிடுங்கலாம் என்று குனிந்தேன். காடோக்குக்கு இடையில் சின்னச் சின்னதாக என்னென்னவோ முளைத்திருந்தது. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்துவிட்டு எழுந்து கதவைப் பூட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் பில்லும் மின்சார பில்லும் வந்தால்தான் போகிறேன். போய், தபால் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு, காரை அணைக்காமலே திரும்பிவிடுகிறேன்.